ஆர்லிஸின் முழங்கை

முன்னறையிலிருந்து முதலில் குளம்புச் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் சிதறும் சத்தம். அதற்குப் பிறகு சிரிப்பு.

ஆர்லிஸ் ஹாகன் அடுப்பின் முன் குனிந்து, சினமன் ரோல் தட்டைப் பாதி வெளியே இழுத்திருந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் காட்சி வரும்போது சோபாவுக்குப் பின்னால் நின்று தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று குளிர்காலம் முழுக்க நினைத்து வைத்திருந்தவள் அவள். விளம்பரம் ஓடியபோது தம்பி மனைவி ட்வைலா, "ரோல் இன்னும் ஆகலையா ஆர்லிஸ்? வாசனையை மட்டும் வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று கேட்டதால்தான் உள்ளே வந்தாள். வந்த நேரம் பார்த்து அது வந்துவிட்டது.

"டெல்மர், திருப்பிப் போடு. அந்தக் கையைப் பாரு, அந்தக் கையை" என்றது ட்வைலாவின் குரல்.

"கையா அது? கோழி றெக்கையை விரிச்சுக்கிட்டு ஓடுற மாதிரி இருக்கு." இது பக்கத்துப் பண்ணை டெல்மர் ப்ரூயிட்.

மறுபடி குளம்பு, மறுபடி தண்ணீர். இந்த முறை அவர்கள் சிரிப்போடு இன்னொரு சிரிப்பும் சேர்ந்தது. அவன் பிறந்த நாள் முதல் அவளுக்குத் தெரிந்த குரல் அது. அவள் தம்பி ராய்ஸும் சிரித்தான்.

தட்டின் விளிம்பு விரலைச் சுட்டது. ஆர்லிஸ் சத்தம் போடவில்லை. தட்டை மேடைமேல் வைத்துவிட்டு விரலைக் குழாயடியில் காட்டியபடி நின்றாள். கண்ணில் வந்ததைக் குழாய்த் தண்ணீரின் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

திரையில் குதிரையோடு ஆற்றைக் கடந்துகொண்டிருந்த பெண் வேறு யாருமில்லை, அவளேதான்.

மொன்டானாவில் அவர்கள் இருந்த பள்ளத்தாக்கில், 'கல்வேலி' தொடரைப் பார்க்காத வீடு கிடையாது. ஹெஸ்டர் என்ற கிழவி ஒரு பெரிய மாட்டுப் பண்ணையை இரும்புக் கையால் ஆளும் கதை. ஐந்தாறு வருடம் ஓடியது. அது முடிந்த துக்கம் ஆறும் முன்பே, ஹெஸ்டரின் இளமைக் கதையை 'கல்வேலிக்கு முன்' என்று எடுக்க ஆரம்பித்தார்கள். இளம் ஹெஸ்டராகக் கலிபோர்னியாவிலிருந்து ஒரு பெண்ணைப் போட்டார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்தே ஊரில் எல்லோருக்கும் கருத்து இருந்தது. தீவனக் கடையிலும், தேவாலய வாசலிலும் அதே பேச்சு. முகநூலில் ட்வைலா நடத்திய ரசிகர் குழுவில் எங்கெங்கோ இருந்தவர்கள் எல்லாம் வந்து சண்டை போட்டார்கள்.

ஞாயிறு மாலையில் ராய்ஸும் ட்வைலாவும் டெல்மரும் ஆர்லிஸ் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவள் கணவன் கார்ல் சாவதற்கு முந்தைய வருடம் வாங்கிய பெரிய டிவி அங்கேதான் இருந்தது. அவள் இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லியும் சினமன் ரோலும் செய்து வைப்பாள். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பார்கள், பார்த்துக்கொண்டே திட்டுவார்கள்.

ஆர்லிஸ் ரோல்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். நிறுத்தி வைத்த திரையில் அவள் உறைந்து நின்றாள். நீண்ட கோட்டு, தொப்பி, பொன்னிற விக். முதுகுதான் தெரிந்தது. கடிவாள வாரைப் பிடித்த இடது கையின் முழங்கை உடம்பை விட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"பழைய ஹெஸ்டர் ஒரு பார்வை பார்த்தா காளைமாடே ஒதுங்கிப் போகும்" என்றாள் ட்வைலா, கைபேசியைத் திரைக்கு நேரே பிடித்தபடி. "இவ பார்த்தா பல்பசை விளம்பரம் மாதிரி இருக்கு. சரி, மூஞ்சிதான் அப்படின்னு விட்டா, குதிரையாவது ஏறத் தெரியணுமா வேண்டாமா?"

"எனக்குக் கதைதான்பா இடிக்குது" என்றான் டெல்மர். "ஹெஸ்டர் எண்பது வயசு வரைக்கும் இருக்கப் போறான்னு நாமதான் ஏற்கனவே பார்த்துட்டோமே. இப்ப அவளை ஆத்துல தள்ளினா எனக்கு எப்படிப் பயம் வரும்? அவ முங்கி எந்திரிக்கறதுக்குள்ள நான் போய் ஒரு பீர் எடுத்துக்கிட்டு வந்துடலாம்."

"நீ எது நடந்தாலும் பீர் எடுக்கத்தானே போவ."

"அதுகூடப் பரவாயில்ல" என்றான் ராய்ஸ். அவன் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் தன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "போன வாரம் ஹெஸ்டரோட அப்பன்காரன் சாகும்போது மகளைக் கூப்பிட்டு, மாட்டுக்குப் பண்ணை முத்திரை வெக்கிற சூட்டுக்கோலைக் கையில குடுக்கிறான் பாரு, அதுதான் சுத்தப் பொய். ரெண்டு பசங்களை வீட்டுல வெச்சுக்கிட்டு எவன் மகள்கிட்ட பண்ணையைக் குடுத்தான்? அந்தக் காலத்துல எவனும் குடுக்கலை."

"இந்தக் காலத்துல மட்டும் குடுத்தாங்களா?" என்றாள் ஆர்லிஸ்.

ராய்ஸ் ஒரு ரோலைப் பிட்டு வாயில் போட்டான்.

"ரோல் நல்லா வந்திருக்கு" என்றான்.

அவள் தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினாள். காபி பாத்திரத்தை இடது கையால் தூக்கினாள். முழங்கை துருத்திக்கொண்டு நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவரைக்கும் நல்லது என்று நினைத்தாள். பார்த்திருந்தால் செத்திருப்பாள்.

அந்த முழங்கைக்கு ஒரு கதை இருந்தது. அதற்கு ரசிகர் குழு கிடையாது.

ஆர்லிஸுக்குப் பதினைந்து வயது, ராய்ஸுக்கு ஒன்பது. பனி உருகி ஆறு கரை தட்டி ஓடிய ஒரு வசந்தத்தில், அக்கரைக்குப் போன பசுவைத் திருப்பிக்கொண்டு வருகிறேன் என்று சின்னப் பையன் பெரிய குதிரையோடு தண்ணீரில் இறங்கிவிட்டான். குதிரை நடு ஆற்றில் புரண்டது. அவள் தன் குதிரையை இறக்கி, அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தாள். கரையேறும்போது அவள் சறுக்கி விழ, அந்தப் பெரிய குதிரை அவள் இடது தோளை மிதித்துவிட்டது. அப்பா ஓடி வந்தார். நடுங்கிக்கொண்டிருந்த மகனைக் கம்பளியில் சுருட்டி, வண்டியில் போட்டு டாக்டரிடம் கொண்டு போனார். மகளின் தோளைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியபோது அந்த வாரம் போய்விட்டிருந்தது. எலும்பு தன் இஷ்டத்துக்குச் சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து அந்தக் கை உடம்போடு ஒட்டி நிற்பதே இல்லை.

அதையாவது அவள் மறந்திருப்பாள். அடுத்த வசந்தத்தில் கன்றுகளுக்குப் பண்ணை முத்திரையைச் சூடு போடும் நாள் வந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் வருடத்திலேயே பெரிய நாள் அதுதான். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் வந்து கூடுவார்கள். இளவட்டங்கள் கன்றுகளைப் புரட்டிப் பிடிப்பார்கள், ஒருவர் சூட்டுக்கோல் வைப்பார், ஒருவர் ஊசி போடுவார், சமையலறையில் சமையல் நடக்கும். ஆனால் குதிரைமேல் உட்கார்ந்து கயிறு வீசிக் கன்றுகளைப் பிடித்து வருவது யார் என்பதைப் பண்ணைக்காரர்தான் சொல்வார். யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்பது இழுக்கு. "நீ கயிறு எடுத்துக்கோ" என்று அவர் வாயிலிருந்து வரவேண்டும். எல்லோர் காதிலும் விழும்படி வரவேண்டும். அந்த ஒரு சொல்லுக்காக வளர்ந்த ஆம்பிளைகளே வருடக்கணக்கில் காத்திருப்பார்கள்.

ஆர்லிஸ் அந்தப் பள்ளத்தாக்கில் யாரையும்விட நன்றாகக் கயிறு வீசுவாள். எல்லோருக்கும் தெரியும். அப்பா அவளைப் பார்த்து, "அந்தக் கையை வெச்சுக்கிட்டு உன்னால முடியாது. நீ ஊசியை எடுத்துக்கோ" என்றார். கயிறு வீசுவது வலது கை. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அப்பா போன பிறகு பண்ணை ராய்ஸுக்கு வந்தது. சூட்டுக்கோலும் அவன் கைக்கு வந்தது. அப்பாவின் வார்த்தையும் கூடவே வந்துவிட்டது போலிருக்கிறது. வருடா வருடம் அவன் டெல்மரைக் கூப்பிட்டான். டெல்மரின் மைத்துனனைக் கூப்பிட்டான். ஒரு தடவை மாடு வாங்க வந்த வெளியூர்க்காரனைக் கூடக் கூப்பிட்டான். அந்த ஆள் வீசிய கயிறு வேலிக்கம்பத்தில்தான் விழுந்தது. ஆர்லிஸ் ஊசி போட்டாள், ரோல் செய்தாள், பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள், மற்றவர்களின் முரட்டுக் குதிரைகளைப் பழக்கிக் கொடுத்தாள், கணவனைப் புதைத்தாள். அறுபதைத் தாண்டினாள். ஒவ்வொரு வசந்தத்திலும் தன் கயிற்றுக்கு எண்ணெய் போட்டு பிக்கப் வண்டியின் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் தம்பியின் பண்ணைக்குப் போவாள். சாயங்காலம் அதைத் தொடாமலே திரும்பிக் கொண்டு வருவாள்.

போன இலையுதிர் காலத்தில் அவளுக்கு ஒரு போன் வந்தது. படக்குழுவுக்குக் குதிரை கொடுக்கும் ஆள் பேசினார். ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு வைத்திருந்த டூப் பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அந்தச் சாம்பல் நிறப் பெண்குதிரை வேறு யாரையும் மேலே வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்க மாட்டேன் என்கிறது. "அதைப் பழக்கினது நீதானே ஆர்லிஸ். நீயும் ஒல்லியாத்தான் இருக்க. தூரத்துல இருந்து யாருக்கு வயசு தெரியப் போகுது?"

பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று தம்பியிடம் பொய் சொல்லிவிட்டுப் போனாள். விக் மாட்டினார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக இருந்தது. குதிரையின் கழுத்தைத் தட்டி, காதில் ஏதோ சொல்லி இறக்கினாள். நடு ஆற்றில் குதிரையின் கால் நழுவியபோது பதினைந்து வயதில் செய்ததையே இப்போதும் செய்தாள். தோளை முன்னால் சாய்த்து, வாரைத் தளர்த்தி, அதன் போக்குக்கு விட்டுவிட்டாள். கரையேறியபோது அங்கிருந்த கூலி ஆள் முதல் டைரக்டர் வரை கைதட்டினார்கள். அவளுக்காக யாரும் கைதட்டி அவள் அதற்கு முன் கேட்டதில்லை. திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாள்.

தொடர் முழுக்க ஒளிபரப்பாகும் வரை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவள் சொல்லவில்லை. ஆனால் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். ராய்ஸுக்குக் குதிரைச் சவாரி தெரியும். அதைப் பார்த்தால் அவன் நிமிர்ந்து உட்காருவான். "யாருடா இது, இந்தப் பொண்ணு என்னமா ஓட்டுறா" என்பான். அப்போது அவள் பின்னாலிருந்து அவன் காதோடு, "நான்தான்" என்பாள். பனி உருகியதும் சூடு போடும் நாள் வரும், அவன் தானாகவே கயிறு எடுத்துக்கொள்ளச் சொல்வான். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கப் போவதில்லை.

இதுதான் அவள் குளிர்காலம் முழுக்கப் பார்த்த தொடர்.

ட்வைலா அந்தக் காட்சியை அன்றைக்கே குழுவில் போட்டுவிட்டாள். 'கோழிக்கை ஹெஸ்டர்' என்று பெயரும் வைத்தாள். மறுநாளுக்குள் நாடு முழுக்கச் சிரித்தது. கலிபோர்னியாக்காரிக்குக் குதிரை என்றால் பொம்மைக் கடையில் இருப்பதுதான் தெரியும் என்று ஒருவர் எழுதினார். இந்த நடிகையைத் தேர்ந்தெடுத்தவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். ஆர்லிஸ் பஸ்ஸை நிறுத்திவிட்டு, பள்ளி விடுவதற்குக் காத்திருக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் படித்தாள். படிக்காமல் இருக்க முடியவில்லை. நடுவில் யாரோ ஒரு பெண், 'என் அம்மாவும் கை முறிந்த பிறகு இப்படித்தான் குதிரை ஓட்டுவாள். இவள் ஓட்டத் தெரிந்தவள். கையை விட்டுவிட்டுக் குதிரையின் கால்களைப் பாருங்கள்' என்று எழுதியிருந்தாள். ஆர்லிஸ் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அதற்குக் கீழே ட்வைலா ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டிருந்தாள்.

அந்த வாரம் பஸ்ஸில் ஏறிய பிள்ளைகள்கூட ஒருவரைப் பார்த்து ஒருவர் முழங்கையை விரித்துக் கொக்கரித்தார்கள். ஆர்லிஸ் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் கையை உடம்போடு ஒட்டி வைக்கப் பார்த்தாள். தோள் விண்ணென்று வலித்தது.

ஒரே ஒரு ஆறுதல் அவளுக்கு இருந்தது. ராய்ஸுக்குத் தெரியாது. அவன் சிரித்தது யாரோ ஒரு நடிகையைப் பார்த்து. அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாரத்தை ஓட்டினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ராய்ஸின் பிக்கப் வந்து நின்றது. அவன் தனியாக வந்திருந்தான். பூட்ஸைக் கழற்றாமல் வாசல் மிதியடிமேலேயே நின்றான்.

"உள்ளே வா. காபி சூடா இருக்கு."

"வேண்டாம், உடனே போகணும்." சொன்னவன் போகவில்லை. தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "அடுத்த சனிக்கிழமை சூடு போடலாம்னு இருக்கேன். மழை வராதுன்னு சொல்றாங்க."

"சரி."

"எப்பவும் போல ரோல் பண்ணிடறியா? ஆளுங்க கேக்குறாங்க."

"சரி."

"அப்புறம், ட்வைலா குழுவுல போட்ட அந்த வீடியோவை எடுத்துடச் சொல்லியிருக்கேன்."

ஆர்லிஸ் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு?"

"எடுக்கச் சொன்னேன், அவ்வளவுதான்."

"எதுக்கு ராய்ஸ்?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் இடது கையைப் பார்த்தான்.

"அது நீதானே."

அடுப்பில் காபி பாத்திரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவள் போய் அதை அணைத்துவிட்டு வந்தாள்.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு? யாராவது சொன்னாங்களா?"

"யார் சொல்லணும்? குதிரை தண்ணியில கால் வெக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது. அந்தக் கையை எனக்குத் தெரியாதா?"

அந்த வாரம் முழுக்க அவள் பிடித்துக்கொண்டிருந்தது கையை விட்டுப் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுதான் சிரிச்சியா?"

"டெல்மர் சிரிச்சான். ட்வைலா சிரிச்சா. நான் மட்டும் உம்முன்னு உக்காந்திருந்தா என்னன்னு கேப்பாங்கல்ல."

"கேட்டா சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? அறுபது தாண்டின எங்க அக்கா விக்கை மாட்டிக்கிட்டு ஆத்துல இறங்கினான்னா? டெல்மர் ஊர் பூராச் சொல்லி வருஷம் பூராச் சிரிப்பான்."

"எங்க அக்கா நல்லா ஓட்டுறான்னு சொல்லியிருக்கலாம்."

ராய்ஸ் தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினான்.

"நல்லாத்தான் ஓட்டின" என்றான். குரல் தரையைப் பார்த்துப் பேசியது. "கால் நழுவினப்போ நீ வாரை விட்ட பாரு, அது வேற யாருக்கும் வராது."

எத்தனை வருடம் அவள் இந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள். இப்போது அது வந்தது. யாருமில்லாத மத்தியானத்தில், வாசல் மிதியடிமேல், மெதுவாக வந்தது. அவளுக்கு அதை வாங்கி எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நான் ஒண்ணு யோசிச்சேன்" என்றான் ராய்ஸ். "சனிக்கிழமை டெல்மர், மத்தவங்க எல்லாம் சாப்பிட்டுக் கிளம்பினப்புறம் கொஞ்சம் கன்னுக்குட்டியை நிறுத்தி வெக்கறேன். நீ கயிறு எடுத்துக்கோ. நாம ரெண்டு பேர் மட்டும்."

ஆர்லிஸ் அவனை வெகுநேரம் பார்த்தாள். காலரைப் பிடித்து ஆற்றிலிருந்து இழுத்து வந்த அந்தப் பையனின் முகத்தை இந்த முகத்துக்குள் தேடினாள். இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"வேண்டாம்" என்றாள்.

"இதைத்தானே நீ இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருந்த?"

"நான் எப்ப ராய்ஸ் கேட்டேன்? ஒரு நாளாவது வாய் திறந்து கேட்டேனா?"

அவன் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்தான்.

"நான் எதுக்குக் காத்திருந்தேன்னு உனக்குத் தெரியும். எல்லாரும் வேலிமேல உக்காந்திருக்கும்போது, எல்லார் காதுலயும் விழற மாதிரி. விருந்து முடிஞ்சு மீந்ததைக் கொல்லைப்பக்கம் வெச்சுக் கூப்பிடறதுக்கு இல்ல."

"நீ பெருசா எடுத்துக்கற ஆர்லிஸ்."

"ஆமா. பெருசாத்தான் எடுத்துக்கறேன். ரோலுக்கு ட்வைலாவைக் கடையில சொல்லி வெக்கச் சொல்லு. ஊசி போட வேற யாரையாவது பார்த்துக்கோ."

"நீ வரமாட்டியா?"

"வரலை. ஞாயித்துக்கிழமை நீங்களும் இங்க வர வேண்டாம். உங்களுக்குத்தான் கதை பிடிக்கலையே."

ராய்ஸ் தொப்பியைத் தலையில் வைத்தான். கதவைத் திறந்தான். உருகும் பனியின் ஈரக்காற்று உள்ளே வந்தது. படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினான்.

"அன்னைக்கு ஆத்துல..." என்று ஆரம்பித்தான்.

அவள் காத்திருந்தாள். அப்போதும் காத்திருந்தாள் என்பதுதான் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியது. அவன் உதடு அசைந்தது. பிறகு தலையை ஆட்டிவிட்டு, தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டு படியிறங்கினான்.

பிக்கப் கிளம்பிப் போகும் வரை அவள் நின்றாள். அந்தக் கதவு பனி ஈரத்தில் உப்பிப் போய், அழுத்தித் தள்ளினால்தான் பொருந்தும். ஆர்லிஸ் இடது தோளைக் கொடுத்து, முழங்கை எப்படித் துருத்த வேண்டுமோ அப்படித் துருத்திக்கொண்டு நிற்க, கதவைச் சாத்தினாள்.